என் கணக்கைப் பார்த்தவரிடம் ஒரு பேரம்

அகமதாபாத்

அன்புள்ள கோமளா,

நேற்றுக் காலை வங்கி ஆப் கோளாறாகி, என் கணக்கு முழுவதும் முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் போனில் திறந்துவிட்டது. பணம் எதுவும் போகவில்லை, பயப்படாதே. நீயும் நம் பிள்ளை தேஜாவும் சுகம்தானே? போனில் பேச மனம் வராமல்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

அவர் பெயர் பழனியாத்தாள், கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறார். கணக்கில் இருந்த என் நம்பருக்கே கூப்பிட்டு, "ஏனுங்க, உங்க கணக்கு என்ற போன்ல தெரியுதுங்க. பேங்க்ல சொல்லி மூடச் சொல்லுங்க" என்றார். ஏமாற்றுக்காரி என்று நினைத்துக் கத்திவிட்டேன். அவரோ, "ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வாட்டி கட்டியிருக்கீங்களே, உடம்புக்கு என்னங்க?" என்றார்.

வயிற்றுப் புண்தான், மெஸ் சாப்பாடு. மணத்தக்காளி வற்றல் கொஞ்சம் அனுப்பு. நீ வைக்கும் குழம்பின் பக்குவமும் எழுது.

என் குடுமி தன் கையில் இருக்கும்போது நலம் விசாரித்த மனுஷியை நினைத்தால் இன்னும் பிரமிப்பாக இருக்கிறது. வங்கியில் சொல்லி மூடியாயிற்று.

துணி வியாபாரி நான், அப்புறம் விடுவேனா? அவர் தறியில் நெய்யும் வெளுக்காத காடாத் துணிக்கு அவரிடமே விலை கேட்டேன். கையில் காசில்லை, கடனுக்குக் கொடுங்கள் என்றேன்.

"இருக்கறதத்தான் நானே பாத்தேனுங்களே!" என்று சிரித்தார்.

அந்தத் துணியை ஏற்றி வரப்போகும் லாரிக்காரர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். துணி மீட்டருக்கு முப்பத்திரண்டு ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாயிற்று.

சுந்தரராஜுலு