அந்த வருடத்து நோட்டு மட்டும்

செவ்வாய்க்கிழமை
ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? உன் போனை இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். "மினிஸ்டர் மீட்டிங்ல இருக்காரு, நீங்க யாரு?" என்றார் ஒருவர். தங்கை என்றேன். "எந்தத் தங்கை?" என்றார். அம்மா பெற்றது மொத்தமே இரண்டு பேர்தான் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க மனசில்லை. அதனால்தான் கடிதம். ஆபீசுக்கு அனுப்பாமல் வீட்டு முகவரிக்கே கூரியரில் அனுப்புகிறேன். வேறு யாரும் பிரிக்காமல் உன் கைக்கே வரட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ டிவியில் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள். ஆனால் பேச்சைக் கேட்பதில்லை, சட்டையைத்தான் பார்க்கிறாள். "இவன் இளைச்சுட்டானா, இல்ல சட்டைதான் பெருசா?" என்று நேற்றும் கேட்டாள். ஆளே மாறிவிட்டான் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

தேர்தலுக்கு முன் நீ அனுப்பினாயே, உன் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம், அதை மறுபடி எடுத்துப் படித்தேன். வழவழப்பான தாள். அட்டையில் தங்க நிறப் பேனாவோடு சிரிக்கிறாய். மூடியைக் கடித்துக் குதறாத ஒரு பேனாவை உன் கையில் நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருடம் நிருபராக அலைந்ததை மூன்று பக்கத்தில் முடித்துவிட்டார்கள். ஷூ ஓட்டைக்குள் உன் பத்திரிகையையே மடித்து வைத்துக்கொண்டு நீ நகராட்சிக்கும் கோர்ட்டுக்கும் நடந்தது அதில் இல்லை. சலைன் செய்திக்கு ஒரே ஒரு வரி: 'உயிரைப் பணயம் வைத்து உண்மையை வெளிக்கொணர்ந்தார்.' அந்த சலைனை விற்றது யார் என்று எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? அவர்தானே இப்போது உன் கட்சியின் பொருளாளர். கடைசிப் பக்கத்தில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாரே.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு மெமோ வந்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்பு ஸ்டோர் விவரங்களை வெளியாளிடம் சொன்னேனாம். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போய்விடும், வழக்கும் வரலாம் என்கிறார் சங்கச் செயலாளர்.

அந்த நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரே வார்டில் பதினோரு பேர் உடம்பு தூக்கிப்போட நடுங்கினார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் குளிர் என்று மேலிடம் எழுதியது. அதில் நான்கு பேர் எழுந்திருக்கவே இல்லை. ஜன்னலை மூடாததற்காக ஆயாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். காலாவதியான சலைன் பாட்டில்களைப் புது அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பியிருந்ததை ஸ்டோரில் பார்த்தவள் நான். உன்னைக் கூப்பிட்டதும் நான்தான். சலவை அறைக்குப் பின்னால் நின்று நீ எழுதிக்கொண்டாய். பேப்பரில் என்னைக் காட்டிக்கொடுக்காமல், 'ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார்' என்று எழுதினாய். நான்கு வருடமாக எல்லா டிரைவர்களையும் முறைத்துப் பார்த்தார்கள். என் பக்கம் யாரும் திரும்பவே இல்லை.

இப்போது மெமோவில் என்ன இருக்கிறது தெரியுமா? சலவை அறைக்குப் பின்னால் நின்று 4417 என்ற பேட்ச் எண்ணை நான் நிருபரிடம் சொன்னேன் என்று இருக்கிறது.

அந்த எண்ணை மூன்று தடவை திரும்பப் படித்தேன், அண்ணா. அது தப்பான எண். பதற்றத்தில் பெட்டியின் மேல் இருந்ததைப் படித்துவிட்டேன். பாட்டிலின் மேல் இருந்தது வேறு. அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்து சொன்னேன். பக்கம் அச்சுக்குப் போகப்போகிறது, நேராக புரூஃபிலேயே திருத்திவிடுகிறேன் என்றாய். பேப்பரில் சரியான எண்தான் வந்தது. 4417 உலகத்தில் எங்கேயும் அச்சாகவில்லை. அது இருந்த ஒரே இடம் உன் நோட்டு.

இருந்தாலும் உன்னைச் சந்தேகப்பட எனக்குப் பிடிக்கவில்லை. அன்று உன்னோடு வந்த போட்டோகிராபரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். இப்போது கடை வைத்து பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறார். போய்க் கேட்டேன். "நான் கேட்டுக்கு வெளியவே நின்னுட்டேன் தங்கச்சி. நம்பரெல்லாம் எனக்கெதுக்கு? என் கேமராவுக்குக் கண்ணு மட்டும்தான், காது கிடையாது" என்று சிரித்தார். கிளம்பும்போது, "உங்க அண்ணனையே கேட்டுப்பாரேன்" என்றார். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

அடுத்து, உன் நிருபர் நோட்டுகளை அம்மா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வருடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நோட்டில் பதினொன்றுதான் இருந்தது. அம்மாவைக் கேட்டால், "அவன் ஆபீஸ்லேருந்து கார்ல ரெண்டு பேர் வந்தாங்கடி, ரொம்ப மரியாதையான ஆளுங்க. அவனைப் பத்திப் புத்தகம் போடறாங்களாம்" என்கிறாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. யாரோ உன் பேரைச் சொல்லி ஏமாற்றி வாங்கிப் போய்விட்டார்கள், உனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு, அவர்கள் கொண்டு வந்த கடிதத்தை அம்மா மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உன் கையெழுத்து. 'அம்மா, வருகிறவர்களிடம் அந்த வருடத்து நோட்டை மட்டும் கொடு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.'

ஆள் சொல்வதை அப்புறம் கேள், முதலில் தேதியைப் பார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. பார்த்தேன். நீ பதவியேற்ற மூன்றாவது வாரம் எழுதியிருக்கிறாய். புத்தகம் அச்சானது அதற்கு ஐந்து மாதம் முன்பு. வந்தவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மேலே அலமாரியில்தான் அது இருந்தது. அம்மாவுக்கு அது தோன்றவில்லை. பிள்ளை கேட்டான், கொடுத்தாள்.

ஒருவன் வாழ்க்கையை எழுத எதற்கு ஒரே ஒரு வருடம்?

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி, இரண்டாவது மாடி. எண்ணைச் சொன்னது நீயா என்று கேட்டால் ஆமாம் என்பேன். செத்துப்போன நான்கு பேருக்காகச் சொன்னதை மறைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு, இந்தத் தப்பான எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று அவர்களை நான் கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று உனக்குத் தெரியும். வேறு ஏதாவது காரணம் இருந்தால் அதற்குள் எழுது. மிரட்டினார்கள் என்று எழுது. யாருக்கு எதிரான விசாரணை என்று தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று எழுது. பொய்யாக இருந்தாலும் நான் நம்பும்படி எழுது. எழுதத் தெரியாதவனா நீ?

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. பெட்டிக்குள் அந்த நோட்டு இருந்த இடத்தில் ஒரு துண்டை மடித்துச் செருகி வைத்திருக்கிறாள். மற்றவை சாய்ந்துவிடக் கூடாதாம். "பெரியவன் திருப்பிக் கொண்டாந்து வெச்சுடுவான்" என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. தோளில் கை போடுகிறவர்களைக் கொஞ்சம் திரும்பிப் பார். எது நடந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீ ஆம்புலன்ஸ் டிரைவர் என்று எழுதிக் காப்பாற்றிய
உன் தங்கை