கரையைச் சுடாத கப்பல்

மச்சான்,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகிறது. ஆனாலும் இது என் கை. வாசிகசாலையில் பின்னேரங்களில் ரீச்சர் ஒருவர் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். என் பெயரை முதன்முதலாக எழுதிய அன்று, தெருவில் கண்டவனுக்கெல்லாம் அதைக் காட்டினேன். நீ இருந்திருந்தால், "கட்டையிலை போற வயசிலை உனக்குப் பள்ளிக்கூடமோ?" என்று கேட்டிருப்பாய்.

இன்று அங்கே ஒரு புத்தகத்தில் போர்க்கப்பல் படம் கண்டேன். பனங்குற்றி போலப் பீரங்கிகள். உன் ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையின்போது உன் அப்பு திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவர் கண்ட கப்பல்களைப் பற்றி, வலையின் கிழிசல் பொத்தும்போதெல்லாம் நீ சொல்வாய். "கப்பலுக்குக் கப்பல்தான் எதிரி. கரையிலை நிக்கிற சனத்தை அது திரும்பியும் பாராது."

பிறகு எங்கள் நாட்டுச் சண்டை வந்தது. அந்தக் காலையில் நேவியின் சாம்பல் நிறக் கப்பலொன்று வல்வெட்டித்துறைக்கு நேரே வந்து நின்றதும் சனம் ஓடத் தொடங்கியது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த உன் மனைவி, என் தங்கச்சி, கடகப்பெட்டியைத் தூக்கினாள். நீ மறித்தாய்.

"விசரே உனக்கு? உன்ரை கருவாட்டுக்கு ஆர் குண்டு போடப்போறான்?"

"ஓம், உவர் பெரிய கப்டன் எல்லே!" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவள் திரும்பவும் குந்தினாள்.

முதல் குண்டு அவள் குந்தியிருந்த மணலில்தான் விழுந்தது.

பிறகு நீ இந்தியாவுக்குப் படகேறினாய். அகதி முகாமிலிருந்து வந்த உன் கடிதங்களைச் சந்திக் கடைக்காரர்தான் எனக்குச் சத்தமாக வாசிப்பார். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "மச்சான், அவளை மறிச்சது நான்தானே. உனக்கு என்னிலை கோவமோ?" கடை நிறையச் சனம். அதற்குரிய பதில் இன்னொருவர் கையால் எழுதக்கூடியதல்ல. "இஞ்சை எல்லாரும் சுகம்" என்றே ஒவ்வொரு முறையும் போனது. நான் எழுத்துப் பழகப் போனதே அந்தப் பதிலுக்காகத்தான். பாதி எழுத்து வருவதற்குள் நீ முகாமில் செத்துப்போன செய்தி வந்துவிட்டது.

இன்று அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அந்த இரும்பு மலைகளை விமானங்கள் மேலிருந்து மூழ்கடிக்கத் தொடங்கியபின், கப்பலோடு கப்பல் மோதும் காலம் முடிந்துவிட்டதாம். பிறகு அவற்றைக் கரைக்குக் கிட்டக் கொண்டுவந்து, நிலத்தைச் சுடவைத்தார்களாம். அதுவும் உன் அப்பு மூட்டை சுமந்த அதே சண்டையில். அவர் சொன்னது பொய்யில்லை மச்சான், பழசு. கப்பல் தன் வேலையை மாற்றிக்கொண்ட செய்தி எங்கள் கரைக்குக் குண்டாகத்தான் வந்து சேர்ந்தது.

இப்போது எனக்கு எழுதத் தெரியும். வாசிக்க நீ இல்லை. முத்திரை ஒட்டினாலும் எந்த விலாசத்துக்கு அனுப்புவது? ரீச்சர் என் கொப்பியைப் பார்த்துக் கெட்டிக்காரன் என்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில்: உன்னில் எனக்குக் கோபமில்லை. அன்று நானும் நீ சொன்னதை நம்பித்தான் ஓடாமல் நின்றேன்.

இதை எழுதப் பின்னேரம் முழுக்கப் போய்விட்டது. "கோபமில்லை" என்பது வரியை விட்டுச் சரிந்து கிடக்கிறது. அடுத்த கிழமையும் இதையே எழுதுவேன், இன்னும் கொஞ்சம் நேராக.