ஒற்றை பேட்டரியில் கொடுத்த விளக்கு

2009 ஐப்பசி, செவ்வாய் இரவு.

மீன் விற்கும் தேவகி அக்கா தன் பேட்டரி ஸ்கூட்டரைக் குரோம்பேட்டையில் இருந்த என் எலக்ட்ரிக் கடைவரை தள்ளிக்கொண்டே வந்தாள்.

"தம்பி, நீ போட்ட லைட்டு மங்கிப்போச்சு. வண்டியும் நின்னுபோச்சு. மீனு வீணாப் போய்கினு கீது."

மீட்டர் வைத்தேன். நான்கு பேட்டரியில் மூன்று நன்றாக இருந்தன. ஒன்று மட்டும் செத்திருந்தது. நீளமான எல்.இ.டி. பார் விளக்குக்குப் பன்னிரண்டு வோல்ட் போதுமே என்று, போன மாதம் நான் ஒயர் இழுத்தது அந்த ஒன்றிலிருந்துதான். விளக்கின் சுமை முழுவதும் அதன்மேல் விழுந்து அது செத்தது; நான்கும் வரிசையாக இணைந்திருப்பதால் ஒன்று செத்ததும் வண்டியே நின்றுவிட்டது. நான்கிலிருந்தும் எடுத்து, வோல்டேஜைக் குறைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

"பேட்டரியே மட்டமான சரக்குக்கா" என்றேன்.

"நீயாவது உண்மைய சொன்னியே."

கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கழற்றினால் என் தப்பு தெரிந்துவிடும் என்று ஒயரை அப்படியே விட்டுவிட்டேன். புது பேட்டரி போட்டாலும் அந்த ஒயர் அதையும் சாகடிக்கும்.