வைத்தாங்கி நாளுக்கு நான் கிண்டிய கேசரி

அக்கா,

பக்கத்து வீட்டில் யாரோ ரவையை நெய்யில் வறுக்கிறார்கள். இன்று வைத்தாங்கி நாள் விடுமுறை. தகனினியில் எங்கள் தெருவில் ஒரு கார்கூட நகரவில்லை. அந்த வாசனை வந்ததும் எனக்கு முதலில் வெட்கம், அப்புறம் உங்கள் நினைப்பு.

ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் நாம் மூன்று பேர் ஒரே மேசையில் பெட்டி கட்டினோம். நீங்கள் யாழ்ப்பாணம், நான் மதுரை, மூன்றாமவர் இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிப் பெண். நான் இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நாட்டுக்கே விடுமுறை என்றால் எங்கள் ஊரில் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள். அதே நினைப்பில் வைத்தாங்கி நாளுக்கு முதல் நாளே ஒரு தட்டுக் கேசரி கிண்டிக்கொண்டு போய், முதல் துண்டை அவரிடம் நீட்டி வாழ்த்தும் சொன்னேன். பெரிய சாமர்த்தியசாலி நான்! அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வெள்ளைக்காரர்கள் ஒப்பந்தம் என்று மாவோரிகளிடம் கையெழுத்து வாங்கிய நாள் அது, அதன் பின்னால் ஆட்சியும் நிலமும் அவர்கள் கைக்குப் போயின என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உங்களைத் தவிர அங்கே என்னிடம் சிரித்துப் பேசிய ஒரே ஆள் அவர். அந்தச் சிநேகமும் போயிற்று என்று, வேறு மேசைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கக் கிளம்பினேன். நீங்கள் விடவில்லை.

"ஓடி ஒளிச்சு என்ன பிரயோசனம்? சொறி, மன்னிச்சுக்கொள்ளும் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வராதையும். என்ன நடந்ததெண்டு கேளும்."

தேநீர் இடைவேளையில் என்னை இழுத்துப் போய் அவர் எதிரே உட்கார வைத்தீர்கள். கேட்டேன். புக்கெகோஹிப் பக்கம் தன் குடும்பத்துக்கு இருந்த நிலத்தைப் பற்றிச் சொன்னார். அதே நிலத்தில் அவர் அம்மா கூலிக்கு வெங்காயம் பிடுங்கினாராம்.

அவர் முடித்ததும் நீங்கள் ஆரம்பித்தீர்கள். இராணுவம் எடுத்துக்கொண்ட உங்கள் வீட்டை முள்வேலிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னீர்கள். தினமும் உங்கள் காரில்தான் வேலைக்கு வந்தேன். அப்படியும் உங்கள் வீட்டுக் கதை எனக்குத் தெரியாது. விசா, வாடகை என்று என் புலம்பலையே கொட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் ஒரு கையால் உங்கள் கையையும் மறு கையால் என் கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. வைத்தாங்கி நாள் வந்தால் அவர் இன்னமும் என்னைக் கூப்பிட்டு, இராணுவம் உங்கள் வீட்டை விட்டுவிட்டதா என்று கேட்பார். இல்லை என்பேன். போன மாதம் உங்கள் தங்கை பேசினார். வீட்டை விட்டுவிட்டார்களாம், கூரை இல்லை, சுவர் மட்டும் நிற்கிறதாம்.

இன்று காலை நானே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும் என்றார். பிறகு, அவர் குடும்பத்து நிலம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.

அடுத்த வருடமும் கேட்பேன், அக்கா. அப்படிக் கேட்க எனக்கு வாய் வந்தது உங்களால்தான்.