வீட்டுச் சாமியின் கடைசி ஏடு

1963 மார்ச் 9, யெரெவான்

வார்திதெர் இன்று என் புத்தகத்தில் எங்கள் ஊர் பற்றிய அத்தியாயத்தைப் படியெடுக்க உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பழைய எழுத்தும் எனக்குச் சமமாகப் படிப்பாள்.

"ஒரே பக்கத்துல நாலு தடவ 'சந்தேகமில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அப்ப சந்தேகம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

இருக்கிறது. ஆறு வயதில், படுகொலைக்குத் தப்பி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கு அப்பால் இருக்கும் எங்கள் கர்மிர்வானை விட்டு நடந்து வந்தேன். இன்று அங்கே நம்மவர் ஒருவரும் இல்லை. எங்கள் ஊர் மடத்தில் சுவடி எழுதினார்கள் என்று நானும் எத்தனையோ வருடமாகச் சொல்கிறேன். ஆதாரம்? அம்மா சொன்னாள். நான் வேலை பார்க்கும் சுவடி ஆராய்ச்சி நிறுவனத்தில் சிரிக்கிறார்கள்.

மார்ச் 17

ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போனேன். கர்மிர்வானிலிருந்து தப்பி வந்த குடும்பம் ஒன்று, அன்று தூக்கி வந்த, தோலில் எழுதிய சுவிசேஷச் சுவடியை வீட்டுச் சாமியாக வைத்திருக்கிறது. எழுதியவன் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, தனக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்பது கடைசி ஏட்டில்தான். அந்த ஒரு ஏட்டைப் பார்த்தால் போதும்.

வீட்டுக்காரி எப்ராக்சியா வாசலிலேயே மறித்தாள்.

"என்ன நோவுண்ணே?"

"நோவு இல்லம்மா. ஆராய்ச்சி."

"அப்ப அந்தப் பூதக்கண்ணாடிய பையில வைங்க. சாமிகிட்டப் போயி நீ எந்த ஊரு, எந்த வருசம்னு யாராச்சும் கேப்பாங்களா? நோவுள்ளவங்க மட்டுந்தான் உள்ள போலாம்."

பிறகு மீன் வறுத்துப் போட்டாள். மீன் நன்றாக இருந்தது. அதனாலேயே கோபம் கூடிற்று.

மே 2

மறுபடி போனேன். மறுபடி மீன்.

ஜூன் 20

மருத்துவர் வார்திதெரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். — வேண்டாம். இதை எழுத எனக்கு வரவில்லை.

ஜூன் 23

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் மூடி மூடி வைத்தது எல்லாம் வீண்.

"நோவு வேணும்னாங்கல்ல உங்க ஏரிக்கரைல? இப்பத்தான் இருக்கே. கெளம்புங்க."

எப்படி இவளால் இப்படிப் பேச முடிகிறது?

ஜூலை 5

போய் வந்தோம். நேர்ச்சைக்கு ஒரு சேவலும் கொண்டுபோனோம். பேருந்தில் அது போட்ட கூச்சலில் வார்திதெர் சிரித்துச் சிரித்து இருமினாள். அவள் மட்டும் உள்ளே போனாள். நான் முற்றத்தில் நின்றேன். நெடுநேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

திரும்பும் வழியில் காதோடு சொன்னாள்: "கர்மிர்வான்னுதான் இருக்கு. எழுதினவர் பேரு அழிஞ்சுபோச்சு. ஊரு மட்டும் தெளிவா இருக்கு."

மடத்துச் சுவரோரம் நின்ற வாதுமை மரம் நினைவுக்கு வந்தது. அம்மா என்னைத் தூக்கிக் கிளையைத் தொடவைப்பாள். மை காய்ச்சும் வாசனை என்று அவள் ஒன்றைச் சொல்வாளே, அதுகூட வந்தது. பேருந்திலேயே அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 30

அத்தியாயம் முடிந்தது. படுத்தபடியே வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு 'சந்தேகமில்லை' கூட இல்லை. "இப்பத்தான் நீங்க எழுதின மாதிரி இருக்கு" என்றாள்.

அக்டோபர் 11

வார்திதெர் போய்விட்டாள்.

நவம்பர் 20

நாற்பதாம் நாள் கழிந்தது. மெழுகுவத்தியோடு ஏரிக்கரைக்குப் போனேன். எப்ராக்சியா இந்த முறை நோவு என்ன என்று கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டாள்.

சுவடியைச் சுற்றியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கடைசி ஏட்டைத் திருப்பினாள்.

எழுத்தே இல்லை. வெறும் தோல், வழவழவென்று.

"வர்றவங்க எல்லாம் இந்த ஏட்டுலதான் முத்தம் குடுப்பாங்க. எங்க மாமியார் காலத்துலயே எழுத்து போயிருச்சு. உங்க வீட்டம்மாவும் பாத்துச்சு. விரலால தடவிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், 'அவர் வந்தா இதக் காட்டாதீங்கக்கா'ன்னு சொல்லிட்டுப் போச்சு." மெழுகுவத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான் என்ன செய்யிறது? நீங்க நோவோட வந்திருக்கீங்க."

நானும் குனிந்து முத்தமிட்டேன்.

1964 பிப்ரவரி 4

அச்சுப்படி வந்தது. கர்மிர்வான் அத்தியாயத்தில் 'கர்மிர்வானில் எழுதப்பட்டது' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, 'கடைசி ஏட்டில் எழுத்து அழிந்துவிட்டது. எழுதப்பட்ட ஊர் தெரியவில்லை' என்று மாற்றினேன். நிறுவனத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பழையவர்கள் வழக்கப்படி நாலு வரி சேர்த்தேன். 'படிப்பவர்களே, இதை முழுதும் படியெடுத்த வார்திதெருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். ஊர் கர்மிர்வான்.'

அவள் பிறந்தது திபிலிசியில். அச்சகத்தில் யாராவது கேட்டால், கர்மிர்வான் என்றுதான் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.