பேட்டி என்று எழுதிய ஹாக்கி மட்டை

என் ஒரே அண்ணனுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் சந்தை ஒன்று கூடாமலா இருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு நீ முதல் ஆளாக நிற்காமலா இருப்பாய் என்ற நம்பிக்கையில் உன் தங்கச்சி எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "என்னட்டி, தலையுமில்லாம வாலுமில்லாம பேசுத" என்பாய்.

தாராவியில் நம் கட்டடத்துக்கு நம்பர் போட்டுவிட்டார்கள். இடிக்கப் போகிறார்களாம். எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். கீழே இருந்த உன் பாத்திரக் கடையை மதினி பூட்டிவிட்டாள். உன் மகள் ரேவதி அவளை ஐரோலிக்குத் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லியிருக்கிறாள். அங்கே மதினிக்கு இடம் இருக்கிறது, உன் சாமானுக்குத்தான் இல்லை.

"அம்மாவ மட்டும் கூட்டிட்டு வாங்க அத்தை. அந்த கபாடி சாமான் ஒண்ணும் இங்க வேண்டாம்" என்றாள். அவள் சொன்னது நாம் ஆடுகிற கபடி இல்லை, காயலான் கடைச் சரக்கு. முப்பது வருஷமாக நீ தேடித் தேடிச் சேர்த்த கோப்பையும் கிரிக்கெட் மட்டையும் கிழிந்த கையுறையும் அவளுக்குக் காயலான் கடைச் சரக்குதான்.

அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் ஹாக்கி ஆடினாள். மேட்ச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை, உன் சந்தையும் ஞாயிற்றுக்கிழமை. எவனோ ஆடிப் போட்ட மட்டையைத் தேடி புனே வரைக்கும் போனாய். பெற்ற மகள் ஆடியதை ஒரு நாள் வந்து பார்க்கவில்லை. உன் பதினாறாம் நாள் விசேஷத்தில்கூட அதைத்தான் சொல்லி அழுதாள். ஏன் அண்ணே போகவில்லை? நானாவது உன் காதைத் திருகிக் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

ஆக, உன் சேர்மானத்தை விற்கிற வேலை என் தலையில் வந்து விழுந்தது. செம்பூரில் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கு இதில் என்ன தெரியும்? கோவண்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிற சலீம் பாய்தான் கை கொடுத்தார். சந்தைக்குச் சந்தை உன்னோடு அலைந்தவர், உன்னோடு சண்டை போட்டவரும் அவர்தான். மாதுங்காவில் ஒரு ஹாலில் பழைய விளையாட்டுச் சாமான் சேர்ப்பவர்கள் சனி, ஞாயிறு கூடுகிறார்கள், என் மேஜையில் பாதியை எடுத்துக்கொள் என்றார்.

போகும் முன்னே ஒரு தப்பு செய்துவிட்டேன். உன் கோப்பைகள் மூன்றும் கன்னங்கரேல் என்று இருந்தன. பாத்திரக் கடைக்காரன் தங்கச்சி கறுத்த பாத்திரத்தை மேஜையில் வைப்பாளா? புளியும் உப்பும் போட்டு, கை வலிக்கத் தேய்த்து, பளபளவென்று கொண்டுபோய் அடுக்கினேன். சலீம் பாய் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கறுப்புதான் அதன் வயசாம். நான் தேய்த்து அதைப் போன வாரம் வாங்கிய கோப்பை ஆக்கிவிட்டேனாம். உன் காலத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அழுக்குக்கு விலை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அங்கே எல்லாமே அப்படித்தான் இருந்தது. தையல் விட்ட பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வெள்ளைக் கையுறை போட்டுத் தொடுகிறார்கள். புதுப் பந்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் விக்கெட் கீப்பர் கையுறை ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குச் சிரித்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீட்டில் யாரும் உன்னை மதித்துக் கேட்காத கதைகளை அங்கே பத்துப் பேர் என்னிடம் சொன்னார்கள். நீ அங்கே வேறு ஆளாக இருந்திருக்கிறாய்.

இப்போது உன் சீட்டுகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு சாமானிலும் நூல் போட்டு ஒரு துண்டுத் தாள் கட்டியிருக்கிறாயே, அதைப் படிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. எழுத்து தமிழ், வார்த்தை இந்தி. அஸ்லி, நக்லி, கிஸிகோ தேனா நஹி. பக்கத்து மேஜைக்காரன் படித்துவிடக் கூடாது என்று தமிழில் எழுதினாய், சரி. அசல், போலி, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று தமிழிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே. வியாபாரம் என்று வந்தால் உன் வாயில் தமிழே வராதா?

பீரோவுக்கு மேலே படுக்கை விரிப்பில் சுற்றி ஒரு ஹாக்கி மட்டை இருந்தது. இந்தக் காலத்து மட்டை மாதிரி இல்லை, மூக்கு நீளம். பிடியில் சுற்றிய துணி காப்பிப் பொடி நிறம் ஆகிவிட்டது. அதில் கட்டியிருந்த சீட்டு நாள்காட்டித் தாளின் கிழிசல். முன்பக்கம் ராகுகாலம் மட்டும் மிச்சம் இருந்தது, தேதியோ வருஷமோ இல்லை. பின்பக்கம் ஒரே ஒரு வார்த்தை: பேட்டி.

நான் தமிழ் படித்தவள், தமிழாகத்தான் படித்தேன். பத்திரிகைக்காரன் எவனாவது இந்த மட்டையைப் பற்றி அண்ணனைப் பேட்டி எடுத்தானா என்று மதினியிடம் கேட்டேன். "அவியளயா? மீட்டர் பாக்க வாரவன்கூட நின்னு பேச மாட்டானே" என்றாள்.

பிறகு நினைத்தேன், உனக்குக் குறிலும் நெடிலும் எப்போதுமே தகராறு. கடை திறந்த புதிதில் 'எவர்சில்வர் பத்திரக் கடை' என்று பலகை எழுதி மாட்டினாய். வீட்டுப் பத்திரம் எழுதவேண்டும் என்று ரெண்டு பேர் வந்துவிட்டுப் போனார்கள். அதனால் இது 'பெட்டி'யாக இருக்கும், டிரங்குப் பெட்டியில் வைக்கவேண்டிய சாமான் என்று முடிவு செய்தேன். வைத்துப் பார்த்தால் மட்டை நீளம், மூடி சாத்தவில்லை. சரி, எதுவோ ஒன்று என்று ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் வந்து அந்த மட்டையை விட்டு நகரவில்லை. ஏதோ ஹோட்டலில் சுவர் முழுக்கப் பழைய விளையாட்டுச் சாமானாக மாட்டப் போகிறாராம். விலை கேட்டார். நான் சலீம் பாயைப் பார்த்தேன். "சீட்ல க்யா லிக்கா ஹை?" என்று, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மாதிரி "பேட்டி" என்று படித்தேன்.

சலீம் பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். பம்பாய்க்காரன் வாயில் ஒரு பேட்டி என்றால் ஒரு லட்சம் அல்லவா? எனக்கு அது தோன்றவே இல்லை பார். நீ ஒரு தரம் டீக்கடையில் வைத்து, ஒரு பேட்டி கொடுக்கிறவன் வந்தால்தான் அந்த மட்டையை விடுவேன் என்று சொன்னாயாம். ஹோட்டல்காரர் கொஞ்சம் இழுத்தார், பிறகு சரி என்றார். சாயங்காலம் கிளம்பும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அடுத்த மேஜைக்குப் போனார். அப்பாடா, ஒரு சீட்டுக்காவது அர்த்தம் தெரிந்தது என்று நிம்மதியாக டீ குடித்தேன்.

நாலு மணிக்கு ரேவதி காரோடு வந்தாள், மிச்சத்தை ஏற்ற. உன் மேஜையை நின்று பார்த்தாள். நீ சாகும்வரை அவள் அந்தச் சாமான்களைத் தொட்டதில்லை, உனக்கே தெரியும். அன்று கை தானாக அந்த மட்டைக்குப் போயிற்று. எடுத்தவள் முட்டியை மடித்துக் குனிந்து, தரையில் மூக்கை வைத்து, ரெண்டு தரம் இப்படியும் அப்படியும் திருப்பினாள். நல்ல சேலை கட்டியிருக்கிறோம், நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. பிறகு அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல என்ன எழுதிருக்கு அத்தை?"

அவளுக்குத் தமிழ் படிக்க வராதே. நீயும் மதினியும் கற்றுக்கொடுக்கவில்லை, நானும்தான் கற்றுக்கொடுக்கவில்லை.

நம் எழுத்தில் ஒரு வம்பு இருக்கிறது. பழத்துக்கும் அதே ப, பஸ்ஸுக்கும் அதே ப. சலீம் பாயிடம் நான் பழத்துக்கு வருகிற ப-வில் படித்தேன். இப்போது வாயைத் திறந்தால் பஸ்ஸுக்கு வருகிற ப வந்தது. "பேட்டி" என்றேன். இந்தியில் அதற்கு மகள் என்று அர்த்தம். நான் யோசித்துச் சொன்னேனா, நாக்கு தானாகப் புரண்டதா? சத்தியமாக இன்றைக்கும் தெரியவில்லை.

ரேவதி அந்தச் சீட்டை விரலால் நீவினாள். "வீட்ல ஏட்டின்னுதான் கூப்பிடுவாரு. ட்ரெயின்ல, வெளி ஆளுங்க முன்னாடி மட்டும் பேட்டிம்பாரு. எனக்கு வெக்கமா இருக்கும்" என்றாள். "எனக்குன்னா எடுத்து வச்சாரு? எப்ப அத்தை? நான் ஆடுறப்பவா?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அந்த மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதாள். எட்டு மாதத்தில் அவள் உன்மேல் கோபம் இல்லாமல் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து ஹோட்டல்காரர் வந்து நின்றார். சலீம் பாய் என்னைப் பார்த்தார், ரேவதியைப் பார்த்தார். முப்பது வருஷம் உன்னோடு திரிந்தவருக்கு அரைகுறைத் தமிழ் தெரியாமல் இருக்குமா? ஹோட்டல்காரரிடம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க சேட், இது விக்கறதுக்கு இல்ல, வீட்டுச் சாமான்" என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தங்கம் பெஹன், ஒங்க பாஷைல ரெண்டுக்கும் ஒரே எழுத்தா?"

"ஆமா பாய்."

"நல்ல பாஷை" என்று சொல்லிவிட்டுக் கையுறைகளைக் கட்ட ஆரம்பித்தார்.

மதினியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். லட்ச ரூபாய் போயிற்றே என்று வைவாள் என்று நினைத்தேன். அவள் புளி கரைத்துக்கொண்டே, "அவிய என்ன நெனச்சி எழுதுனாவளோ, அவியளுக்கே தெரியுமோ என்னமோ" என்றாள்.

நேற்று ரேவதி போன் செய்தாள். மட்டை அவள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அதைச் சொல்வதற்குக் கூப்பிடவில்லை. "எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தாங்க அத்தை, அப்பா எழுதினத நானே படிக்கணும்" என்கிறாள். சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். உயிரெழுத்தில் ஆரம்பித்து ப வரைக்கும் எத்தனை வாரம் இழுக்கலாம்? ப வந்த அன்றைக்கு, இதையே பழத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தானே தீரவேண்டும்? அவள் புத்திசாலி. லட்சத்துக்கும் அதே எழுத்துதானே என்று ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவாள்.

அதனால்தான் கேட்கிறேன் அண்ணே. நீ எழுதியது எந்தப் ப? அவள் ஆடிய நாலு வருஷத்தில் ஒரு நாளாவது அவளை நினைத்து அந்த மட்டையைத் துடைத்து வைத்தாயா? இல்லை, லட்ச ரூபாய்க்காரனுக்காகத்தான் காத்திருந்தாயா? நான் உன் மகளிடம் உண்மையைச் சொன்னேனா, பொய்யைச் சொன்னேனா?

வேண்டாம், சொல்லாதே. கனவில் வந்துகூடச் சொல்லாதே. லட்சம் என்று நீ சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, எந்தப் ப அத்தை என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கிற நாளில் நான் தடுமாறாமல் பஸ்ஸுக்கு வருகிற ப என்றுதான் சொல்வேன். நான் இருக்கிறவரைக்கும் அதை வேறு மாதிரி படிக்க மாட்டேன். நீயே எழுந்து வந்து, தப்பாப் படிச்சிட்டியேட்டி என்றாலும், எழுதத் தெரியாதவன் நீ, படிக்கத் தெரிந்தவள் நான் என்று சொல்லிவிடுவேன்.

உன் மகளுக்கு அத்தை,
உனக்கு எப்போதும் தங்கச்சி,
தங்கம்