எதிர்க்க ஆளில்லாத பீடச் சபை

சேர்,

இன்று பீடச் சபைக் கூட்டத்தில் தேநீர் கொண்டுவந்தவர், பழக்கத்தில், ஜன்னலோரம் இருக்கும் உங்கள் கதிரைக்கு முன்னால் ஒரு இஞ்சிப் பிளேன்ரீயை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. ஒருவரும் அதைத் திருப்பி எடுக்கச் சொல்லவில்லை. இஞ்சி மணம் என் பக்கம் வந்துகொண்டே இருந்தது.

அடுத்ததாக எடுக்கவிருந்தது என்னுடைய முன்மொழிவு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே முன்மொழிவுதான். முகாமைத்துவ பீடத்தில் நாங்கள் படிப்பிக்கும் ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் நிலைபேறு வரவேண்டும். கடலையும் மண்ணையும் தண்ணீரையும் நாளைக்கும் மிச்சம் வைத்துத் தொழில் செய்வது எப்படி என்பது, விரும்பினவர்கள் மட்டும் எடுக்கிற தனிப்பாடமாக ஒதுங்கிக் கிடக்கக்கூடாது. கிரயக் கணக்கீடு படிப்பித்த நீங்கள், நான் இதைக் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் எழும்பி எதிர்த்தீர்கள்.

முதல்முறை எனக்கு அழுகையே வந்துவிட்டது. “மிஸ், பருவம் நீளாது. ஒண்டை உள்ளுக்குப் போடுறதெண்டால் ஒண்டை வெளியில எடுக்கவேணும். எதை எடுக்கப்போறீங்கள்?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டீர்கள். கூட்டம் முடிந்த பிறகும் விடவில்லை. பாலையூற்றில் இருக்கும் வீட்டுக்குப் போகவேண்டிய நீங்கள், நான் கிண்ணியா பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினீர்கள்.

“எல்லாரும் பாடத்தின்ர கடைசியில ஒரு பந்தி சேர்ப்பினம். பிள்ளையள் அதைப் பாடமாக்கி எழுதிப்போட்டு மறந்திடுவினம். உங்களுக்கு அது போதுமோ?”

“போதாது சேர். ஆனா ஒண்டும் செய்யாம இருக்கவும் ஏலாது.”

“அப்ப என்ர வகுப்புக்கு வாங்கோ. படிப்பிச்சுப் பாருங்கோ.”

சண்டை முடியவில்லை. பஸ் வந்துவிட்டது.

நான் வந்தேன். மீன் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியின் கிரயக் கணக்கைப் பலகையில் எழுதினேன். மீன், ஐஸ், கூலி, மின்சாரம் என்று செலவுகள் எல்லாம் வந்தன. கழுவி ஊற்றுகிற தண்ணீரைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும், குச்சவெளியில் இருந்து வருகிற ஒரு மாணவி எழும்பினாள். “மிஸ், அந்தத் தண்ணி நாங்கள் மீன்பிடிக்கிற களப்புக்குள்ள வந்தால், அந்தச் செலவை ஆரின்ர கணக்கில எழுதுறது?”

கம்பனியின் கணக்கில் என்றேன். உடனே பின்வரிசையில் இருந்து ஒருவன், “அப்ப கம்பனிக்கு நட்டம். முதல்ல எங்கட ஆக்களைத்தான் வேலையால நிப்பாட்டுவாங்கள்” என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது. நான் பேனையோடு நின்றேன். நீங்கள் கடைசி வாங்கில் இருந்தபடி சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வெளியே வந்ததும், “நல்ல கேள்வி கேட்டிட்டாள். எனக்கும் பதில் தெரியாது” என்றீர்கள். “இதை ஆழமாப் படிச்ச உங்களுக்கே பேனை நிண்டுபோச்சு. ஒண்டும் படிக்காத எங்களை எல்லா வகுப்புக்கும் இதோட அனுப்பப்போறீங்களோ?”

அன்றிலிருந்து நான் அந்த முன்மொழிவைத் திருத்திக்கொண்டே இருந்தேன். நீங்களும் எதிர்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஆஸ்பத்திரி வாட்டில் கடைசியாகப் பார்த்தபோதும் கதை அதுதான். மூச்சு வாங்கி வாங்கி, “நான் வராத கூட்டத்தில வெண்டுபோடாதையுங்கோ மிஸ்” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நீங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

இன்று, சேர், நான் வென்றிருப்பேன். “மேலிடத்திலயும் இதைத்தான் இப்ப எதிர்பார்க்கினம். எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று பீடாதிபதி கேட்டார். தலைகள் ஆடின. சிலர் போனில் இருந்து முகத்தை எடுக்கவே இல்லை. இவ்வளவு காலம் நான் ஆசைப்பட்ட ‘ஓம்’ அதுதான். ஆனால் ஒருவராவது அதை வாசித்திருப்பாரா என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த பருவத்தில் பாடத்துக்கு ஒரு பந்தி சேரும், அறிக்கையில் எல்லாம் நடந்ததாக எழுதுவார்கள், அதற்குப் பிறகு இந்தக் கதையை எடுக்க ஒருவருக்கும் வாய் வராது.

நான் எழும்பிப் பீடாதிபதியிடம் சொன்னேன்: “சேர், இதை இண்டைக்கு நிறைவேத்தவேண்டாம்.”

பீடாதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “மிஸ், இது உங்கட முன்மொழிவு.”

“ஓம் சேர். ஒவ்வொருவரும் தங்கட பாடத்தில எதைக் குறைச்சு இதுக்கு இடம் விடப்போகினம் எண்டு சொல்லட்டும். படிப்பிக்க முதல் நாங்களும் கொஞ்சம் படிப்பம். அதுக்குப் பிறகு எடுப்பம்.”

ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்தபோது எல்லோரும் என்னைக் கடந்து வேகமாகப் போனார்கள். நான் கதவடியிலேயே நின்றேன். கையில் வந்ததை நானே உடைத்துப்போட்டேனோ? அடுத்த கூட்டத்தில் இதை எடுக்காமலே விட்டால்? நாங்கள் கதைத்து முடிக்கும் வரைக்கும் களப்பு காத்துக்கொண்டிருக்குமா?

பின்னேரம், சந்தைப்படுத்தல் படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் விரிவுரையாளர் என் அறைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“மிஸ், எல்லாரும் ஓம் எண்ட நேரத்தில நீங்களே குழப்பிப்போட்டீங்கள். இப்ப என்ர பாடத்தில எதைக் குறைக்கச் சொல்லுறீங்கள்? நான் ஒண்டையும் குறைக்கமாட்டன். விளம்பரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?”

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். “இருங்கோ, கதைப்பம்” என்றேன். அவர் இருந்தார். அலுவலகத்தைப் பூட்ட ஆள் வரும் வரைக்கும் கதைத்தோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குத் தன் பாடக் குறிப்புகளை எல்லாம் கொண்டுவந்து, ஒரு வரிகூட எடுக்க ஏலாது என்று காட்டப்போகிறாராம்.

அவர் கேட்கப்போகிற கேள்விகளில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை, சேர். முன்பென்றால் எதிர்க்கிறவரைக் கண்டால் வேறு வழியால் போயிருப்பேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும் தேடி வந்து சண்டை பிடித்த உங்களைப் பார்த்த பிறகு அது முடியாமல் போய்விட்டது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.

நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வரவேண்டுமே என்று இருக்கிறது.